பரீட்சைக் கணிதத்துக்கும் ஒரு பேரேடு



பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடும்போது, பல துறைகளில் ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சையின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். அதில் ஒரு பகுதி கணிதம். நாம் கடைக்காரர்கள், நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிட வேண்டாம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு கல்விக்கூடம் மிதியாத நான், என் மூத்த மகள் இதற்குப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

இப்பரீட்சையில் வருவது எண்கணிதம், அல்ஜீப்ரா, வடிவகணிதம், புள்ளிவிவரம் ஆகியவை. எல்லாம் உயர்நிலைப் பள்ளி அளவே. 2023 செப்டம்பரில் பரீட்சையைச் சுருக்கினார்கள். அதன்பின் கணிதம் இரண்டு பிரிவு: முதலாவதில் 21 நிமிடத்துக்கு 12 கேள்விகள், அடுத்ததில் 26 நிமிடத்துக்கு 15. முதற் பிரிவை நன்றாகச் செய்தவருக்கு அடுத்தது கடினமாக வரும். மதிப்பெண் 130 முதல் 170 வரை.

என் மகள் உயிரியல் படித்தவள். பள்ளியை விட்டபின் கணக்கைத் தொட்டதில்லை. இரவுதோறும் 40 கணக்குகள் போடுவாள். தவறினால் புத்தகத்தின் பின்பக்கத்து விளக்கத்தைப் படித்து, "புரிந்துவிட்டது அத்தா" என்பாள். ஆறு வாரம் இப்படியே போயிற்று. மாதிரிப் பரீட்சையில் மதிப்பெண் ஏறவேயில்லை, பிள்ளை அழுதுவிட்டாள். முந்தின வாரம் 'புரிந்த' கணக்கு ஒன்றை, விளக்கத்தை மூடிவிட்டுப் போடச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டாள். பிறர் சரக்குக் கட்டுவதைப் பார்க்கும்போது நமக்கும் கட்டத் தெரியும்போலத்தான் இருக்கிறது!

அன்றே கடையில் கிடந்த வெற்றுப் பேரேடு ஒன்றைக் கொடுத்தேன். தவறிய கணக்கை மட்டும் அதில் எழுத வேண்டும். எதிரே காரணம்: விஷயமே தெரியாதது, கூட்டிப் பெருக்கியதில் பிசகு, கேள்வியைச் சரியாக வாசியாதது, நேரம் போதாதது. இவற்றில் ஒன்று. வெறுமனே 'கவனக்குறைவு' என்று எழுதக் கூடாது. கல்லாவில் பணம் குறைந்தால், கணக்கப்பிள்ளை அப்படி எழுதிவைப்பதை நாம் ஒப்புவோமா?

மாதக் கடைசியில் ஐந்தொகை போட்டோம். தெரியாமல் விட்டவை சொற்பம். பாதிக்கு மேல் வாசிப்பில் வந்த பிழை. 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்ற பொருளின் லாபம், வாங்கிய விலையில் நூற்றுக்கு 25. விற்ற விலையில் நூற்றுக்கு 20. எந்த விலைமேல் கேட்கிறார்கள் என்று பாராமலே விடை குறித்திருந்தாள். (இந்த வித்தியாசம் தெரியாமல் வியாபாரம் செய்கிறவர்களும் நம்மில் உண்டு.)

இரண்டு அளவுகளைக் கொடுத்து, எது பெரிது, சமமா, அல்லது தீர்மானிக்க முடியாதா என்று கேட்கும் கேள்விகளும் உண்டு. ஓர் எண், அதன் வர்க்கம், எது பெரிது? வர்க்கமே என்றாள். 3க்கு 9, சரிதான். 1க்கு இரண்டும் சமம். அரையை அரையால் பெருக்கினால் காலாகச் சிறுத்துவிடுகிறதே! தீர்மானிக்க முடியாது என்பதே விடை. ஆகவே முழு எண்ணோடு நில்லாமல் 0, 1, பின்னம், குறை எண் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கப் பழகினாள்.

பின்னம் என்றாலே அவளுக்குப் பயம். மதரஸாவில் கற்ற பாகப் பிரிவினையைக் காட்டினேன். இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசு என்றால் மனைவிக்கு 8ல் 1. மீதி மகனுக்கு 2, மகளுக்கு 1 என்ற விகிதம். சொத்தை 24 பங்காக்கினால் 3, 14, 7. ஏன் 24 என்று அவளே கண்டுபிடித்தபின், விகிதக் கணக்குகளில் அவ்வளவாகத் தடுமாறவில்லை.

பரீட்சையில் திரையிலேயே கணக்குப்பொறி தருகிறார்கள். 48ல் நூற்றுக்கு 25க்கும் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். கால் பங்கு 12 என்று வாயால் சொல்ல எவ்வளவு நேரம்? தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலால் தெரியாததையும் ஏதேனும் குறித்துவிட்டு நகர வேண்டும், ஒன்றையும் வெறுமையாக விடலாகாது.

பேரேட்டுக் கணக்கை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை பாராமல் போட வேண்டும். மூன்றும் சரியானால்தான் கோடு போட்டு அடிக்கலாம். அவள் ஏட்டில் இன்னும் 11 கணக்குகள் அடிபடாமல் நிற்கின்றன. பரீட்சை அடுத்த மாதம்.