ஸ்பிரேயர் பழக்கம் ட்ரோன் பேட்டரிக்கு ஆகாது

பூந்தமல்லி – ஆவடி பக்கம் தெளிப்பு வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தெளிக்க ஒரு ட்ரோன் வாங்கினோம். ஓட்டுவதற்குப் பயிற்சி எடுத்து, சான்றிதழும் வாங்கியாச்சு. பேட்டரிக்கு சார்ஜ் போடுவதை மட்டும் ஒரு பாடமாகவே நினைக்கவில்லை.

முதுகில் மாட்டும் 12 வோல்ட் ஸ்பிரேயர்களில் பெரும்பாலும் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. வேலை முடிந்ததும் ஃபுல் சார்ஜ் போட்டுத்தான் அதை எடுத்து வைக்கணும். காலியாகக் கிடந்தால் கெட்டுவிடும். நவரை அறுவடை முடிந்ததும், அதே பழக்கத்தில் ட்ரோனின் லிப்போ பேட்டரிகளையும் ஃபுல் சார்ஜ் போட்டு, தகரக் கொட்டகையில் வைக்கோல் பக்கத்தில் வைத்துவிட்டேன். சித்திரை வெயில் வேறு. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பேட்டரிகள் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. தீப்பிடிக்காமல் போனது நல்ல நேரம்.

ரிமோட் கார், குட்டி விமானம் விடும் பிள்ளைகள் வைத்திருப்பதும் இதே லிப்போதான். நம்முடையது பெரியது, பிடித்தால் தீயும் பெரிது.

மூன்று எண்கள்

லிப்போவின் ஒரு செல் 4.2 வோல்ட் வந்தால் ஃபுல். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, 3.6 வரும்போதே ட்ரோனை இறக்கிவிடுவது நல்லது. சும்மா வைத்திருக்கும்போது 3.8. ஆறு செல் பேட்டரி என்றால் ஃபுல் 25.2 வோல்ட், சேமிப்புக்கு 22.8. இரண்டு மூன்று நாளைக்குப் பறக்கும் வேலை இல்லையா? சார்ஜரில் உள்ள ‘ஸ்டோரேஜ்’ முறையில் போட்டு இந்த அளவுக்குக் கொண்டுவந்துடுங்க.

சார்ஜ் போடும்போது

1. லிப்போவுக்கான பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே. மொத்த வோல்ட் சரியாக இருந்தாலும், ஒரு செல் மட்டும் அளவு மீறினால் ஆபத்து. அதனால் பேலன்ஸ் ஒயரையும் மறக்காமல் மாட்டணும். ஸ்பிரேயர் சார்ஜரை இதில் மாட்டவே கூடாது.

2. மில்லி ஆம்பியரை ஆயிரத்தால் வகுத்தால் ஆம்பியர் அளவு வரும். 16,000 என்றால் 16 ஆம்பியர். அதற்கு மேல் வைக்காதீங்க. குறைவாக வைத்தால் நேரம்தான் கூடும்.

3. பறந்து வந்த பேட்டரி சூடாக இருக்கும். நிழலில் வைத்து, நன்றாக ஆறிய பிறகே சார்ஜ். கோடையில் காலை வேளை நல்லது.

4. சிமெண்ட் தரையில், காற்றோட்டமான இடத்தில் வைங்க. வைக்கோல், சாக்கு, டீசல் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

5. உப்பியது, அடிபட்டது, தண்ணீரில் நனைந்தது – மூன்றுக்கும் சார்ஜ் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பார்த்த ஊர் நம்முடையது. பேட்டரியைத் தரையோடு தரையாகச் சேமிக்காதீங்க.

6. பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். அது தீ பரவுவதைக் குறைக்கும். முழுதாக அணைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். புகை நச்சு. தள்ளி நின்று 101-க்கு போன் போடுங்க.

கெட்டுப்போன பேட்டரி

வரப்போரம் புதைப்பதோ குளத்தில் வீசுவதோ குப்பையோடு எரிப்பதோ கூடாது. ரசாயனம் வேண்டாம் என்று மண்ணைக் காப்பாற்றும் நாமே அதில் கோபால்ட்டையும் ஃபுளூரின் உப்பையும் கலக்கலாமா? 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கிய இடத்தில் கேளுங்க. இல்லையென்றால் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்க.

இப்போது எங்கள் குழுவில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த பேட்டரி, என்றைக்கு சார்ஜ், ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட், யார் போட்டது – எல்லாம் எழுதுகிறோம். சார்ஜ் போட்டவர் பக்கத்திலேயே இருக்கணும். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதானாலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போகணும்.