கணினி விமானமும் மழை மேகமும்



பெரியம்மா வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் அண்ணன் விமானம் ஓட்டும் விளையாட்டு வைத்திருக்கிறார். விளையாட்டு என்றாலும் உயரம், வேகம், காற்று எல்லாம் நிஜம் போலவே கணக்குப் போட்டு வரும். லீவில் நானும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டினேன். வெயிலில் நல்லா இறங்கியது. மழை மேகம் வைத்தால் படம் விட்டு விட்டு வந்தது. மூன்று தடவையும் ஓடுபாதைக்கு வெளியே மோதிவிட்டேன்.

"புது கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியாகும்" என்றார் அண்ணன். "அவ்வளவு காசுக்கு எங்கடா போறது? பெட்டியை வித்துடலாம்" என்றார் பெரியப்பா. எனக்கு அழுகையே வந்தது. அதனால் காரணம் தேடினேன்.

படம் ஏன் விட்டு விட்டு வருகிறது?

சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடுகிறது. அவை முன்பே எடுத்தவை. கணினியோ ஒவ்வொரு படத்தையும் அப்போதே வரைய வேண்டும். நொடிக்கு 30 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்கு 33 மில்லி நொடிதான் நேரம்.

செஸ்னா இறங்க வரும்போது வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 33 மீட்டர். 30 படம் வந்தால் ஒரு படத்துக்குள் விமானம் ஒரு மீட்டர்தான் நகரும். 8 படம் வந்தால் நாலு மீட்டர் தாவிவிடும்! அப்புறம் எப்படி நேராக இறக்குவது?

மேகத்துக்கு ஏன் இவ்வளவு வேலை?

கட்டிடம் தன் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மேகம் அப்படி இல்லை, பின்னால் உள்ளதும் மங்கலாகத் தெரியும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குப் பூச வேண்டும். 1024 × 768 திரையில் 7,86,432 புள்ளிகள். திரை முழுக்க 20 அடுக்கு மேகம் வந்தால், ஒரே படத்துக்கு ஒன்றரைக் கோடி தடவைக்கு மேல் பூச வேண்டும்!

2003-ல் வந்த மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் மேகம் வரையும் முறையை உருவாக்கியவர் நினியான் வாங் என்ற பெண் பொறியாளர். தூரத்து மேகங்களைத் தனித்தனியாக வரையாமல், நம்மைச் சுற்றி எட்டுப் பலகை நிறுத்தியது போல வைத்து, அவற்றில் மொத்தமாக வரைந்தார். நாடக மேடைத் திரை மாதிரி! 2020-ல் வந்த பதிப்பில் மேகம் இன்னும் நிஜமாக இருக்கிறது. ஆனால் அதற்கு வலுவான கணினி வேண்டும்.

நான் செய்த சோதனை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். திரை மூலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

1. எல்லாம் முழுசாக: நொடிக்கு 8 படம்.
2. மேகம் தெரியும் தூரத்தைக் குறைத்தேன்: 14.
3. மேக அடர்த்தியையும் குறைத்தேன்: 23.
4. காற்றையும் நிறுத்தினேன்: அதே 23.

நாலாவதுதான் முக்கியம். காற்று படம் இல்லை, வெறும் கணக்கு. அதை நிறுத்தினாலும் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் விமானத்தைத் தள்ளுவது காற்றுதான், மேகப் படம் இல்லை. ஆகவே கண்ணுக்கு வரும் வானிலையைக் குறைக்கலாம். விமானத்துக்கு வரும் வானிலையைக் குறைக்கக் கூடாது.

காற்றை மறுபடி வைத்தேன். பக்கக் காற்று தள்ளத் தள்ள, கோட்டின் மேலேயே இறக்கினேன்! பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "சரி, பெட்டி இருக்கட்டும்" என்றார். பைசா செலவில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி: நொடிக்கு 15 படம் வந்தால் ஒரு படத்துக்குள் செஸ்னா எத்தனை மீட்டர் நகரும்? விடையை என்னிடம் வந்து சொல்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி