எல்லை காணும் கணனி

கதிர்ச் சிகிச்சையின் நோக்கம் யாதெனின், புற்றுக் கலங்களை அழித்தலும், அயலிலுள்ள நலமான உறுப்புக்களைக் காத்தலுமாம். ஆகவே, நோய் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் எல்லையை முதலில் அறிதல் வேண்டும்.

1895இல் றொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் தந்தது நிழற்படமே. அதில் உறுப்புக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தோன்றும். 1971இல் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய சீ.ரீ. ஸ்கான் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பல திசைகளிலிருந்து பெற்ற அளவுகளைக் கணனி கணக்கிட்டுக் குறுக்குவெட்டுப் படமாக்கிற்று. அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அவ்விடத்து இழையம் கதிரை எவ்வளவு தடுக்கின்றது என்பதை அது குறிக்கும். அவ்வெண்களைக் கொண்டே சிகிச்சைக் கதிரின் திசையையும் அளவையும் வகுப்பர்.

இக்காலத்தில், வைத்தியர் முன்னர் எல்லை வரைந்த படங்களிற் பயின்ற கணனி, முண்ணாண், நுரையீரல், இதயம் முதலியவற்றின் எல்லைகளைச் சில நிமிடங்களில் தானே வரைகின்றது. ஆயினும், தான் பயிலாத தோற்றத்தைக் காணுமிடத்து அது வழுவும். கோடு சற்றே உட்சென்றால் நோய் எஞ்சும். வெளிச்சென்றால் நலமான உறுப்பு ஊறுபடும். ஆதலின், வைத்தியர் ஒவ்வொரு கோட்டையும் நோக்கித் திருத்துதல் இன்றியமையாதது.

மாணவர்காள்! மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை நாடி நிற்போர் நம்மவரே. நீவிர் பயிலும் கணிதமும் பௌதிகமும் உயிரியலும் ஒருங்கு கூடி அவர்க்கு உதவும் துறை இது. கணனி கோடு வரையும்; அக்கோட்டுக்குப் பொறுப்பேற்பவன் மனிதனே. அப்பொறுப்புக்கு உரியவராகக் கற்பீராக.