பழைய வெள்ளி ரூபாய்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். விக்டோரியா அரசியார் காலத்திலும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்திலும் அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 ஆம் ஆண்டு ரூபாயோ நிக்கலால் ஆனது. பார்வைக்கு மட்டுமே வெள்ளி! ஆதலின் ஆண்டைப் பாராமல் வாங்குவோரும் விற்போரும் ஏமாறுவர். 1939 ஆம் ஆண்டு ரூபாய் கிடைத்தற்கரியது. அதனை உருக்கக் கொடுத்தால் வெள்ளியின் விலை மட்டுமே கிட்டும். சேகரிப்போர் அதனினும் பன்மடங்கு தருவர். கறுத்த நாணயத்தைப் புளியிட்டுத் துலக்குதலும் தகாது. தேய்ந்த முத்திரையை அவர்கள் விரும்பார்.

பயிற்சி: 1918, 1942 ஆகிய ஆண்டுகளின் ரூபாய்களில் எதில் வெள்ளி மிகுதி? எத்தனை கிராம் மிகுதி?