வாடகையும் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. நம் கல்லூரியில் படித்து முடிப்போரில் பலர் வேலை தேடிச் சென்னைக்குச் செல்கின்றனர். அங்கே அந்தத் தனி வளையைத் தேடுவது எப்படி என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சென்னை வாடகை வீடுகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, திருவல்லிக்கேணியில் மிகுந்துள்ள மேன்ஷன். தனி ஆளுக்கு ஓர் அறை. சாப்பாடு வெளியே மெஸ்ஸில். இரண்டாவது, பழைய வீடுகளில் உள்ள ஒண்டுக்குடித்தனம். தலைவாசல் ஒன்று, குடும்பங்கள் பல. குழாயும் கழிப்பறையும் பொது. வாடகை குறைவு, காலை நேரத்தில் காத்திருப்பு அதிகம். மூன்றாவது, தாம்பரம், ஆவடி போன்ற புறநகர்ப் பகுதிகளில் கிடைக்கும் மாடிப் போர்ஷன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால், பகலில் கான்கிரீட் தளம் வாங்கிய வெப்பம் இரவில் அறைக்குள் இறங்கும். இத்தகைய வீட்டைக் காலையில் பார்த்து முடிவு செய்தல் கூடாது. மாலையில் பார்க்க வேண்டும். நான்காவது, அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்டும் காவலாளும் உண்டு. பராமரிப்புக் கட்டணமும், கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவும் வாடகையோடு சேரக்கூடும்.

எந்த வகையாயினும், சொல்லப்படும் வாடகை வேறு, உண்மையான வாடகை வேறு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 'அ' வீட்டுக்கு வாடகை ரூ.7,500, முன்பணம் மூன்று மாத வாடகை. 'ஆ' வீட்டுக்கு ரூ.7,000, முன்பணம் பத்து மாத வாடகை. முன்பணத்தை மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், 'அ' வீட்டுக்கு வட்டி ரூ.225; 'ஆ' வீட்டுக்கு ரூ.700. கூட்டினால் ரூ.7,725, ரூ.7,700. வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இனி மின்சாரம். இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்தது. 'அ' வீட்டில் தனி மின் இணைப்பு. 100 யூனிட்டுக்குள் செலவழித்தால் கட்டணம் இல்லை. 'ஆ' வீட்டில் வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர்; யூனிட்டுக்கு ரூ.8 என்றால் அதே 100 யூனிட்டுக்கு ரூ.800, அதாவது மாதம் ரூ.400. ஆக, 500 ரூபாய் மலிவாகத் தோன்றிய வீடு 375 ரூபாய் கூடுதலாகிறது!

என் அண்ணன் சென்னையில் வீடு பிடித்தபோது, முன்பணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. காலி செய்தபோது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். பத்திரத்தில் அவ்வாறு எழுதியிருந்தது. கையெழுத்திடும்போது அதைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான்.

ஆதலால் சட்டத்தையும் அறிதல் நலம். 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; பதிவும் செய்யப்பட வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. உரிய பிடித்தம் போக மீதியை, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வாடகைதாரரை நெருக்கவும் கூடாது. இதில் "ஒப்புக்கொள்ளாத வரையில்" என்ற சொற்களே முக்கியம். பத்து மாத முன்பணத்துக்கு நாமே கையெழுத்திட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பை நாமே விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

வீடு பார்க்கும்போது சுவரின் நிறத்தையும் தரையின் பளபளப்பையும் பார்க்கிறோம். மீட்டர் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எதற்கு என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, விடைகளைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்போமாக. நாம் கற்ற கல்வி நம் குடும்பத்துக்குப் பயன்படும் முதல் இடம், ஒருவேளை அந்த வாடகைப் பத்திரமாகவே இருக்கலாம்.