கைப்பேசியும் காவலும்

கைப்பேசி இன்று பேசுவதற்கு மட்டும் உரிய கருவி அன்று. அதுவே நம் பணப்பை. அதுவே இரயில் சீட்டு. அதுவே ஆய்வுக்கூடக் குறிப்பேடு. ஊரிலுள்ள பெற்றோரின் குரலும் அதன் வழியேதான் நம்மை எட்டுகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவைக் கழித்துத் தில்லிக்கு வந்து கற்கும் நமக்கு, இடுக்கண் வந்தால் ஓடிச் சென்று கதவைத் தட்ட உறவினர் வீடுகள் இங்கே இல்லை. ஆகவே அக் கருவி களவு போகும் நாளில் நாம் பிறரைவிடத் தனித்து நிற்கிறோம். கருவியின் விலை பதினையாயிரமோ இருபதினாயிரமோ. அதை எப்படியும் ஈடுசெய்துவிடலாம். அதனுள் இருப்பதன் விலை என்ன? நான் ஈண்டுப் பேச விரும்புவது அதைப் பற்றியே.

முதலில் பூட்டு. நாலிலக்க எண்ணைப் பூட்டாக வைத்தால் அமையக்கூடிய எண்கள் 10,000. ஆறிலக்கம் ஆனால் 10,00,000. ஒன்பது புள்ளிகளை விரலால் இணைக்கும் கோலப் பூட்டை நம் தோழர் பலர் விரும்புகின்றனர். அதில் அமையக்கூடிய கோலங்கள் 3,89,112. பார்வைக்குப் பெரிய எண்தான். ஆனால் விரலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் கோடாகப் படிந்து நிற்கும் என்பதையும், தக்க கோணத்தில் ஒளி பட்டால் அக் கோட்டைப் படித்துவிடலாம் என்பதையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2010-இல் ஆய்ந்து காட்டினர். ஆதலின் கோலத்தை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டு, கைப்பேசிக்கு ஆறிலக்க எண்ணையே வைப்பது நன்று. பிறந்த நாளை எண்ணாக வைக்கலாகாது என்று சொல்லவும் வேண்டுமோ?

பத்து இலட்சம் எண்களை ஒரு கணிப்பொறி நொடிப் பொழுதில் முயன்று பார்த்துவிடாதா என்று அறிவியல் மாணவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். நினைவகத்தில் உள்ளவை மறைமொழியாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி, நாம் இடும் எண்ணையும், சில்லுக்குள் பதிந்து வெளியே எடுக்க இயலாதபடி இருக்கும் மற்றோர் எண்ணையும் கலந்து உண்டாக்கப்படுவது. எனவே நினைவகத்தைப் பெயர்த்தெடுத்துப் பெரிய கணிப்பொறியில் இட்டாலும் பயனில்லை. அந்தக் கைப்பேசியிலேயே முயல வேண்டும். அதுவோ, சில பிழைகளுக்குப் பின் முயற்சிக்கு முயற்சி காக்க வைக்கும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவரும் புதிய கைப்பேசிகள் அனைத்துக்கும் இம் மறைமொழி கட்டாயமாயிற்று. ஐஃபோனில் அதற்கு முன்பே உண்டு. ஆயின், பூட்டே இடாதவர்க்கு இத்தனையும் வீண்.

திருடரும் இதை அறிவர். அவர்கள் பூட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஓர் ஊசியால் குத்திச் சிம் அட்டையை வெளியே எடுத்து, வேறொரு கைப்பேசியில் செருகுகின்றனர். அவ்வளவே! நம் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் இனி அவர்கள் கையில். வாசற் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டை மாட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டது போன்றதுதான் இது.

சென்ற ஆண்டு நம் மன்றத் தோழர் ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. காஷ்மீரி கேட் நிலையத்தில் மெட்ரோ மாறும் நெரிசலில் அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசி போயிற்று. உறைக்குள் வங்கி அட்டையையும் செருகி வைத்திருந்தார்; விடுதியில் பலரிடம் நான் காணும் பழக்கம் அது. அட்டையின் எண், முடிவுத் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் யாவும் அட்டையிலேயே இருந்தன, ஓ.டி.பி. சிம்முக்கு வந்தது. பூட்டைத் தொடாமலேயே அன்றிரவு ஒன்பது மணிக்குள் 22,000 ரூபாய் எடுத்துவிட்டனர். தந்தையார் நெல் விற்று அனுப்பிய கல்விக் கட்டணம் அது. அவரோ அந்த இரண்டு மணி நேரமும் என் கைப்பேசியிலிருந்து தம் எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கிறதே, யாரேனும் நல்லவர் எடுப்பார் என்ற நம்பிக்கை. மணி அடித்தது உண்மைதான், திருடனுடைய கைப்பேசியில்.

இதற்கு மாற்று எளிது, செலவும் இல்லை. சிம் அட்டைக்கே ஒரு பூட்டு உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் ‘சிம் லாக்’ அல்லது ‘சிம் பின்’ என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கிவிட்டால், கைப்பேசியை அணைத்துத் திறக்கும்போதும், சிம்மை வேறொன்றில் செருகும்போதும் எண்ணைக் கேட்கும். மூன்று முறை பிழைத்தால் சிம் அடைபடும்; நிறுவனத்தாரிடம் எட்டிலக்கப் ‘பக்’ எண்ணைப் பெற்றே மீண்டும் திறக்கலாம். அதையும் பத்து முறை பிழைத்தால் சிம் மாண்டே போகும். முதன்முதல் இயக்கும்போது நிறுவனம் வைத்த தொடக்க எண்ணைக் கேட்கும். அதை அவர்களிடம் கேட்டறிந்து இடுங்கள். ஊகித்து இட்டு மூன்று வாய்ப்பையும் வீணாக்க வேண்டா. இக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். இ-சிம் உடையோர்க்குப் பிடுங்கி எடுக்க அட்டையே இல்லை. இவற்றோடு, பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தோன்றாதபடியும் மறைத்துவிடுக. வாட்ஸ்அப்பில் இரண்டாம் ஆறிலக்க எண்ணையும் அமைத்துக்கொள்க.

அடுத்து வேண்டுவது ஒரு தாள். ஆம், காகிதத் தாள்தான்! *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் தோன்றும். முதல் எட்டு இலக்கம் கருவியின் வகையையும், அடுத்த ஆறு அதன் வரிசை எண்ணையும் குறிக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைக் கணக்கிட்டுப் பிழை காண்பதற்கு. இரண்டு சிம் கொள்ளும் கருவிக்கு இரண்டு எண்கள், இரண்டையும் எழுதுக. வங்கியின் தொலைபேசி எண்ணையும், வீட்டார் இருவரின் எண்களையும் எழுதுக. தந்தையின் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வல்லார் இன்று எத்தனை பேர்? கூகுள் கணக்குக்கு உரிய பத்து மாற்றுக் குறியெண்களையும் அச்சிட்டு வைக்கலாம். காரணம் இது: நண்பர் கணிப்பொறியில் நம் கணக்கைத் திறந்து கைப்பேசியைத் தேட முயன்றால், ‘நீங்கள்தாம் என்பதை உங்கள் கைப்பேசியில் உறுதி செய்க’ என்று அது கேட்கும். தொலைந்ததைத் தேடத் தொலைந்ததே வேண்டும் என்னும் இவ் வட்டத்தை உடைப்பவை அக் குறியெண்களே.

களவு போனபின் வரிசை முக்கியம். முதல் வேலை, வேறொரு கைப்பேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்குவது, தேடுவது அன்று. இரண்டாவது, வங்கிக்குச் சொல்வது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் அறிவித்த நேரத்துக்குப் பின் நேரும் இழப்பு வங்கியைச் சார்ந்தது. ஆதலின் அறிவித்த நேரத்தைக் குறித்துக்கொள்க. பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியே கைப்பேசியைத் தொலைவிலிருந்து பூட்டுக. எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதியும் உண்டு. ஆண்ட்ராய்டில் அழித்தபின் இருக்குமிடம் தெரியாமற் போகும். ஆகவே பூட்டுவது முதலில், அழிப்பது கடைசியில்.

இனிக் காவல் நிலையம். இங்கே நம்மவர் இந்தியால் இடர்ப்படுகின்றனர். “கோ கயா” என்றால் தொலைந்தது. “சோரி ஹோ கயா” என்றால் திருடப்பட்டது. புதிதாக வந்தவர் தெரிந்த சொல்லைச் சொல்லிவிட, தொலைந்த பொருளுக்கான வெற்று அறிக்கை ஒன்று கையில் வந்து சேரும். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வழக்கும் இல்லை, புலனாய்வும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் திருட்டு 303-ஆம் பிரிவு; பறித்துக்கொண்டு ஓடுவது 304-ஆம் பிரிவு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதியலாம் என்கிறது உடன் வந்த நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு; படியையும் இலவசமாகத் தர வேண்டும். இரயிலில் போனால் 139-ஐ அழைக்கலாம். இந்தி வல்ல தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இழுக்கன்று.

புகாரின் படி கிடைத்ததும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். 2019-இல் மும்பையிலும் தில்லியிலும் தொடங்கிய இவ் ஏற்பாடு 2023 மே முதல் நாடு முழுதும் உண்டு. முடக்கிய கருவியில் இந்தியாவின் எந்த நிறுவனச் சிம்மும் இயங்காது. ஆயினும் வைஃபை இயங்கும் என்பதை மறவற்க. இத் தளம் ஓர் ஓ.டி.பி. அனுப்பும். அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கினால், குறுஞ்செய்தி வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம்; கலங்க வேண்டா.

மாற்றுச் சிம்முக்கு, ‘உங்கள் கைப்பேசி கிடைத்துவிட்டது, இவ் விணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லை இடுக’ என்று செய்தி வரக்கூடும். அதை அனுப்புபவன் திருடனே. கணக்கின் பூட்டு நீங்கினால்தான் அவனுக்குக் கருவி நல்ல விலை போகும். உண்மையில் கிடைத்தால் காவலர் அழைப்பர். பெற்றுக்கொண்டபின், முன்பு தந்த விண்ணப்ப எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்க வேண்டும். அன்றேல் நம் கையிலும் அது பேசாது.