வரப்போடு நிற்கட்டும் தோல் பூட்ஸ்: மரக்காணம் உப்பளக் கரைக்குத் தை மாத ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. மரக்காணம் உப்பளங்களில் தேங்கிய மழைநீரை இறைத்து, சரிந்த வரப்புகளைத் திருத்தி, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தையில் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் முதல் உப்பு வாரத் தொடங்கினால், புரட்டாசி வரை பலருக்கும் பகற்பொழுதின் பாதி உப்புநீரில்தான் கழியும். காலுக்கு என்ன வாங்குவது என்பதை இந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள். உப்புநீரில் இறங்கி வேலை செய்பவர் தோல் பூட்ஸ் வாங்க வேண்டாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும், ரப்பரிலோ பி.வி.சி.யிலோ செய்த கம்பூட் வாங்குங்கள். வரப்பிலும் சாலையிலும் நடப்பவர், மூட்டை ஏற்றுபவர், காவல் சுற்றுபவர் மட்டும் தோலுக்குப் போகலாம். அதிலும் சில கூறுகளைப் பார்த்து வாங்க வேண்டும். இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உப்பு. தண்ணீரைத் தாங்கும் காலணி எல்லாம் உப்பைத் தாங்கிவிடாது.

கடைகளில் 'கரடுமுரடான, ஈரமான நிலத்துக்கு' என்று சொல்லி விற்கப்படும் விலை உயர்ந்த தோல் பூட்ஸ்களில் பல, வேட்டைக்கென வடிவமைக்கப்பட்டவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வாத்தும் மானும் தேடி நன்னீர்ச் சதுப்பில் நடப்பவரின் காலை அளவாகக் கொண்டவை அவை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கே சேற்றில் இறங்குபவர்கள் உப்பளத் தொழிலாளர்கள், கழிமுகத்தில் மீன், இறால் பிடிப்பவர்கள், வனக் காவலர்கள், இந்த மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் தன்னார்வலர்கள். வேட்டைக்காரரின் தேவையை வைத்துச் செய்த பொருளை இவர்கள் காலில் மாட்டினால் பணம் போகும், காலும் கெடும். கழுவெளியின் உள்பகுதியில் மழைக்குப் பிறகு சில வாரங்கள் நன்னீர்த் தன்மை இருக்கும்; முகத்துவாரப் பக்கம் உவர் கூடிக்கொண்டே போகும்; உப்பளத்துக்குள் வந்தால் கணக்கே வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பாத்தியில் உப்புப் படியும் நேரத்தில், அதாவது அடர்த்திமானியில் 25 டிகிரி காட்டும்போது, அது 250 கிராமைத் தாண்டியிருக்கும்.

அந்த நீர் தோலை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். முடிவு முழுவதும் அதில்தான் நிற்கிறது. பதனிட்ட தோல் என்பது கொலாஜன் நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. அந்த நார்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி வளைவதற்காகத் தொழிற்சாலையில் எண்ணெய், கொழுப்பு ஏற்றுகிறார்கள். ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ ஒரு பதனிடும் ஆலைக்குப் போனால், உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவதுதான் அங்கே முதல் வேலை. அப்படி வெளியேற்றிய உப்பை நாம் முடிந்த பூட்ஸுக்குள் திரும்பச் செலுத்துகிறோம். உப்புநீர் துளைகள் வழியே நார்களுக்கிடையில் போகிறது. நண்பகல் வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது நாரைத் தள்ளி விலக்குகிறது, அறுக்கவும் செய்கிறது. சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். பாத்தி நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதற்கும் மிகக் குறைந்த ஈரமே போதும். இந்தக் கடற்கரையில் இரவுக் காற்று பெரும்பாலான நாட்களில் அந்த 75ஐத் தாண்டியே வீசுகிறது. ஆகவே ஒருமுறை உப்பேறிய தோல் பூட்ஸ், அதன் பிறகு தண்ணீரில் இறங்காவிட்டாலும்கூட, இரவில் கசிந்து பகலில் படிகமாகி, தினமும் உள்ளிருந்தே அரிபட்டுக்கொண்டிருக்கும். நீரோடு எண்ணெயும் வெளியேறிப் போவதால் நார்கள் விறைக்கின்றன. விரல் மடங்கும் இடத்தில் முதல் வெடிப்பு விழும். இரும்புக் கண்ணிகளும் ஆணிகளும் துருப்பிடித்து அவற்றைச் சுற்றியுள்ள தோலையும் அரிக்கும். பருத்தி நூல் தையல் இற்றுப்போகும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, நியாயமானதும்கூட. ராணுவமும் காவல்துறையும் காலங்காலமாகத் தோல் பூட்ஸில் சேற்றில் நடந்திருக்கிறார்கள். மெழுகு தேய்த்துப் பராமரித்தால் நல்ல தோல் பல ஆண்டுகள் வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் நடந்தது பெரும்பாலும் நன்னீர்ச் சேறு. அது காய்ந்தால் மண்ணாகத் தட்டி உதிர்த்துவிடலாம். உள்ளே போன நீர் எதையும் விட்டுச்செல்லாமல் ஆவியாகிப் போகும். மெழுகுப் பூச்சு தோலின் மேற்பரப்பை மூடும்; தையல் துளைகளையும் நாக்கின் ஓரத்தையும் அடிப்பாகம் சேரும் விளிம்பையும் முழுவதுமாக மூடாது. நாள் முழுதும் கணுக்கால் அளவு நீரில் நிற்பவருக்கு அந்த இடங்கள் போதும், உப்பு உள்ளே போவதற்கு. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உப்பேறிய தோலைக் காப்பாற்ற ஒரே வழி, அன்றன்றே நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் நாள் கணக்கில் உலரவிடுவது. உப்பளத்தில் நல்ல தண்ணீர் என்பது தொழிலாளர் குடத்திலும் பாட்டிலிலும் குடிப்பதற்குத் தூக்கி வருவது. அதை பூட்ஸுக்கு ஊற்றச் சொல்லும் ஆலோசனை, ஆலோசனையே அல்ல. கம்பூட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். உள்ளும் புறமும் அலசிக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது.

கம்பூட்டிலும் தரம் பார்க்க வேண்டும். ரப்பரில் செய்ததற்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி.யில் செய்ததற்கு ஐ.எஸ். 12254 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பூட்ஸிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பி.வி.சி. விலை குறைவு, உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வெயிலில் கிடந்தால் நாளடைவில் விறைத்து மடிப்பில் கீறும். ரப்பர் வளைந்து கொடுக்கும், நடக்க இதமாக இருக்கும், விலை கூடும். தினமும் அணிபவருக்கு ரப்பரையே சொல்வேன். அடிப்பாகத்தில் ஆழமான, அகன்ற பள்ளங்கள் வேண்டும். நெருக்கமான சிறு பள்ளங்களில் களிமண் அடைத்துக்கொண்டால் வழுக்கும். உள்துணி இழையாக ஒட்டியிருந்தால் போதும், பஞ்சு வைத்த உறை வேண்டாம். அது நனைந்தால் காயாது. மாலையில் போய் அளவு பாருங்கள், பகல் முழுதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். காலுறையோடு போட்டு, குதிகால் நடக்கும்போது மேலெழும்பாமல், விரல்கள் முன்னால் முட்டாமல் இருக்க வேண்டும். தளர்ந்த கம்பூட் சேற்றில் மாட்டிக்கொண்டு காலை மட்டும் வெளியே விடும், ஆள் விழுவார். பெண்களுக்கு இங்கேதான் சிக்கல். கடையில் ஆண்களின் அளவுகளே குவிந்திருக்கும், 'பெரிசா இருந்தா பரவாயில்லை' என்று தலையில் கட்டிவிடுவார்கள். உப்பு வாருவதிலும் சுமப்பதிலும் பெண்கள் பெருமளவில் இருக்கும் இந்தக் கரையில், சரியான சிறிய அளவை முன்கூட்டியே சொல்லி வரவழைப்பது மொத்தமாக வாங்குபவரின் பொறுப்பு.

கம்பூட் போட்டுக்கொண்டு உப்பளத்தில் வேலையே ஆகாது என்ற மறுப்பு தொழிலாளர்களிடமிருந்தே வரும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாத்தி மிதிக்கும்போது களிமண் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இன்னும் குழைவாக இருக்கிறது என்பதை உள்ளங்கால்தான் சொல்லும். பள்ளங்கள் உள்ள கனத்த அடிப்பாகம் பதிந்தால் தளம் குழிந்து, பின்னால் உப்போடு சேறும் கலந்து வரும்; விலை குறையும். ஆகவே மிதிக்கும் வேலையை வெறுங்காலில் செய்வதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் பாத்தியில் உப்பின் செறிவும் குறைவு. கீறல், வெடிப்பு இருப்பவர் அந்த வேலையிலிருந்து விலகியிருக்கட்டும். ஆனால் உப்பு வாரும்போது நிலைமை தலைகீழ். அப்போது செறிவு உச்சத்தில் இருக்கும். ஜிப்சமும் உப்பும் கூர்மையான படிகங்களாகக் காலுக்கடியில் நெரிபடும். அவை போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் செறிந்த உப்புநீர் இறங்கும். சருமத்திலிருந்து நீரை உறிஞ்சி, வெடிக்கவைத்து, ஆறவிடாமல் புண்ணாக்குவது அதுதான். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் உப்பளத் தொழிலாளர்களிடையே சருமம், கண் பாதிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. 'எங்க அப்பா தாத்தா காலத்துல பூட்ஸா போட்டாங்க?' என்ற கேள்விக்கு அவர்களின் பாதங்களே விடை. பழகிப்போன கால் என்று சொல்வது பெரும்பாலும் உணர்ச்சி மரத்த கால்.

வெப்பம் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப அளவுக்கு மேல் வேலை செய்வது தெரியவந்தது. சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததும் தெரிந்தது. அப்படிப்பட்டவர் காலில் காற்றுப் புகாத ரப்பரை மாட்டச் சொல்வது இன்னொரு சுமைதான். அதனால்தான் கம்பூட்டை நாள் முழுதும் அணியச் சொல்லவில்லை. வாரும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் வாரி முடிக்கும் வழக்கம் இருக்கும் இடங்களில் அந்த நேரம் சில மணிகள்தான். இடைவேளையில் வரப்பில் உட்கார்ந்து கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். வியர்வையில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும் என்பது உண்மை. அதற்கு மருந்து, இரண்டு சோடிக் காலுறைகளும் வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவி விரலிடுக்கை ஈரம்போகத் துடைப்பதும். முடிந்தால் கம்பூட்டும் இரண்டு சோடியாக இருக்கட்டும், ஒன்று காயும்போது மற்றொன்று. தரமான ஒரு சோடித் தோல் பூட்ஸின் விலையில் சாதாரணக் கம்பூட் பல சோடி வாங்கலாம்.

இனி, தோலே வேண்டும் என்பவர்களுக்கு. உப்பு மூட்டையை லாரியில் ஏற்றுபவரின் கால்மேல் கனம் விழலாம். வனக் காவலர் முள்ளிலும் கல்லிலும் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். கம்பூட்டில் அது முடியாது. இவர்களுக்குத் தோல் சரியான பொருள்தான். கணுக்காலை மூடும் உயரம், மேற்பரப்பைச் சுரண்டாத முழுத்தோல், சுமார் 2 மில்லிமீட்டர் கனம். மேலே பூச்சு பூசிய மலிவான பிளவுத்தோல் மடிப்பில் உரியும். நாக்கு இருபுறமும் ஓரமாகத் தைத்துப் பையைப்போல் இணைந்திருந்தால் மண்ணும் நீரும் எளிதில் உள்ளே வராது. கண்ணிகள் பித்தளை அல்லது பிளாஸ்டிக், தையல் நைலான் அல்லது பாலியஸ்டர், ஜிப் கூடவே கூடாது. அடிப்பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு பூட்ஸ் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியுரித்தேன் அடி கொண்டது. அது லேசாக, சுகமாக இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் நீரோடு வினைபுரிந்து, பெட்டியில் சும்மா இருந்தாலும்கூடச் சில ஆண்டுகளில் துண்டு துண்டாக உதிரும். ரப்பர் அடி, முடிந்தால் தைத்தது, இந்தக் கரைக்கு ஏற்றது. பழுதானால் அடியை மாற்றிக்கொள்ளவும் முடியும். மாலையில் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தால் உப்பு செய்யாததை வெப்பம் செய்துவிடும். தோல் நன்றாகக் காய்ந்த பிறகே மெழுகுப் பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் உப்பை உள்ளே அடைத்து வைப்பதாகும். தெரியாமல் பாத்தியில் இறங்கிவிட்டால், அன்றே கிணற்று நீரில் அலசிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் இந்த மாதமே கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 2021 முதல் வீடுதேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடமோ கேளுங்கள். உணர்ச்சி குறைந்தவர் பாத்தி மிதிக்கவும் வேண்டாம், கம்பூட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் காலை நுழைக்கவும் வேண்டாம். உள்ளே கிடக்கும் ஒரு உப்புக் கட்டி போதும் புண்ணுக்கு. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் அப்போதே பாருங்கள். கம்பூட் செலவு யாருடையது என்றால், உப்பளக் குத்தகைதாரருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பலகையும் மண்வெட்டியும் தொழிற்கருவி என்றால் கம்பூட்டும் தொழிற்கருவிதான். அதைக் கூலியில் பிடிப்பது நியாயமில்லை. ஆட்களின் கால் அளவை இப்போதே எழுதி வாங்கி, மாசி பிறப்பதற்குள் வரவழைத்துவிடுங்கள். ஆனி மாதம் ஒருமுறை ஒவ்வொரு சோடியிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிவதை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். உள்ளே உப்புநீர் தேங்கும் கம்பூட் வெறுங்காலைவிட மோசம்.